பத்தொன்பது பேர் எழுதிய வாக்கியம்

யுத்தத்தைப் பற்றி எழுதப்பட்டவை நமக்கு விமர்சனப் பொருளாக இருந்திருக்கின்றன. யுத்தம் நடத்துகிறவர்களே எழுதியது அப்படி இருந்ததில்லை. அதை அரசியல் என்று ஒதுக்கிவிட்டு நாவலுக்கும் கவிதைக்கும் திரும்பிவிடுகிறோம். ஆனால் அதுவும் எழுத்துதான். யாரோ உட்கார்ந்து சொல் தேர்ந்திருக்கிறார். ஒரு வினைச்சொல்லை அடித்துவிட்டு வேறொன்றைப் போட்டிருக்கிறார். இன்னொருவர் மைக் முன்னால் நின்று அதை உரக்க வாசித்திருக்கிறார். கேட்டவர்கள் நம்பியிருக்கிறார்கள், அல்லது நம்பாமல் இருந்திருக்கிறார்கள். ஒரு கவிதைக்கு நேர்வதெல்லாம் அதற்கும் நேர்ந்திருக்கிறது.

1999 மார்ச் 24இல் தொடங்கி ஜூன் 10 வரை, 78 நாட்கள், நேட்டோ என்ற ராணுவக் கூட்டணி யூகோஸ்லாவியாவின்மேல் குண்டு வீசியது. அந்த நாட்களில் பிரஸ்ஸல்ஸ் தலைமையகத்தில் பிற்பகல் மூன்று மணிக்குப் பத்திரிகையாளர் கூட்டம் நடக்கும். அக்கூட்டங்களில் பேசப்பட்டவை எழுத்தில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. சில மாதங்களாக நான் படித்துவருவது அவற்றைத்தான். சொன்னபோது நண்பர் ஒருவர், கவிஞர், 'கெஜட்டுக்கு விமர்சனம் எழுதப்போகிறீரா?' என்றார். அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.

முதலில் இந்த எழுத்து எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லவேண்டும். 1949 ஏப்ரல் 4இல் வாஷிங்டனில் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்டு ஏற்படுத்திய ஸ்தாபனம் நேட்டோ. 1999 மார்ச் 12இல் போலந்தும் ஹங்கேரியும் செக் குடியரசும் சேர்ந்து பத்தொன்பதாயிற்று. சேர்ந்து பன்னிரண்டு நாட்களில் யுத்தம். (இன்று முப்பத்திரண்டு.) ஆங்கிலமும் பிரெஞ்சும் அதன் அலுவல் மொழிகள். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. அமெரிக்காவும் லக்ஸம்பர்கும் ஒரே எடை, காகிதத்தில். எல்லோரும் ஒப்பவேண்டும். ஆனால் எல்லோரும் வாய்திறந்து 'ஒப்புகிறேன்' என்று சொல்லவேண்டும் என்பதில்லை. ஒரு நகல் சுற்றுக்கு விடப்படும். இன்ன தேதி இன்ன மணிக்குள் யாரும் ஆட்சேபம் எழுப்பவில்லையானால் அது நிறைவேறிவிட்டதாகக் கொள்ளப்படும். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மௌன நடைமுறை'. ஆட்சேபிப்பதை 'மௌனத்தை உடைப்பது' என்கிறார்கள்.

கவிதையில் மௌனத்தைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியாயிற்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலுள்ள மௌனம், சொல்லைக் கடந்த மௌனம் இத்யாதி. கெடு வைத்த ஒரு மௌனத்தை, மாலை ஆறு மணி அடித்ததும் சம்மதமாக மாறிவிடுகிற மௌனத்தை, நாம் யாரும் யோசித்ததில்லை. 1999இல் கிரீஸ் ஜனங்களில் மிகப் பெரும்பான்மையோர் இந்தக் குண்டுவீச்சை எதிர்த்தார்கள். ஏதென்ஸ் தெருக்களில் ஊர்வலங்கள் போயின. கிரேக்க அரசாங்கம் குண்டுவீச்சுக்குத் தன் விமானங்களை அனுப்பவில்லை. ஆனால் மௌனத்தை உடைக்கவும் இல்லை. ஆகவே பிரஸ்ஸல்ஸில் 'கூட்டணி' என்ற எழுவாயோடு தொடங்கிய ஒவ்வொரு வாக்கியத்திலும் கிரீஸின் வாயடைப்பு ஒரு பங்கு. அந்த எழுவாய்க்குள் எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் வெறுமனே பேசாமலிருந்தார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

உடைந்ததும் உண்டு. 2003 பிப்ரவரியில், இராக் யுத்தத்துக்குச் சற்று முன், துருக்கியின் பாதுகாப்புக்கான ஏற்பாடுகள் விஷயமாக பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி மூன்றும் ஒத்துக்கொள்ள மறுத்தன. சில நாட்கள் அந்த ஸ்தாபனத்துக்கு வாக்கியமே வரவில்லை. பிறகு பிரான்ஸுக்கு இடமில்லாத வேறொரு கமிட்டிக்கு விஷயத்தைக் கொண்டுபோய் முடித்தார்கள். நம் இலக்கியச் சங்கங்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

ஒப்பந்தத்தின் பிரசித்தமான ஐந்தாம் ஷரத்தையே எடுத்துக்கொள்ளலாம். எங்களில் ஒருவர்மேல் விழும் அடி எல்லோர்மேலும் விழுந்த அடி என்று அது தொடங்குகிறது. அப்படியானால் ஒவ்வொருவரும் என்ன செய்வார்? தான் அவசியமென்று கருதுவதைச் செய்வார். முதல் பாதி புறநானூற்றுத் தொனி. இரண்டாம் பாதி வக்கீல் குமாஸ்தா. யுத்தப் பிரகடனம் செய்யும் உரிமை தன் காங்கிரஸுடையது என்று அமெரிக்க ஸெனட் கவலைப்பட்டதால் அந்த இரண்டாம் பாதி அப்படி அமைந்தது. இத்தனை தளர்வான ஒரு வாக்கியம் இத்தனை வருஷங்கள் பயமுறுத்திக்கொண்டு நிற்கிறதென்றால், பலர் சேர்ந்து எழுதுவதில் ஒரு பலம் இருக்கத்தான் செய்கிறது. தளர்ச்சியே அதன் பலம். அவரவருக்கு வேண்டிய அர்த்தத்தை அவரவர் அதில் வைத்துக்கொள்ள முடிகிறது. சட்ட வாக்கியத்துக்கு இது போதும். நடந்ததைச் சொல்லவேண்டிய வாக்கியத்துக்கு இதே தளர்ச்சி என்ன செய்கிறது என்பதுதான் என் விஷயம்.

மூன்று மணிக் கூட்டங்களின் பிரதான குரல் ஜேமி ஷே என்ற ஆங்கிலேயர். ஆக்ஸ்ஃபோர்டில் சரித்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆராய்ச்சிப் பொருள், முதல் உலக யுத்தத்தின்போது ஐரோப்பிய அறிவாளிகள் நடந்துகொண்ட விதம். 1914இல் பேராசிரியர்களும் கவிகளும் நாட்டுக்கு நாடு தங்கள் தங்கள் சேனைகளின் பின்னால் அணிவகுத்ததைப் படித்துப் பட்டம் வாங்கிய மனிதர், 1999இல் ஒரு சேனையின் பின்னால் அல்ல, முன்னால் நின்றார். இதைவைத்து மலிவாக ஏளனம் செய்யலாம். எனக்கு அதில் ருசியில்லை. அவர் பேச்சில் சுரணை இருக்கிறது. எழுதிவைத்ததை வாசிக்கிறபோதுகூட ஒரு மனிதன் பேசுவதாகவே தோன்றுகிறது. உவமை அவருக்கு இயல்பாக வருகிறது. வருவதுதான் சங்கடம்.

மே 2ஆம் தேதி இரவு, கிராஃபைட் இழைகளைத் தூவும் குண்டுகள் செர்பியாவின் மின்சாரத்தை அணைத்தன. நாட்டின் எழுபது சதவீதம் இருட்டு. யூகோஸ்லாவியாவின் விளக்கு சுவிட்ச்சின்மேல் இப்போது நேட்டோவின் விரல் இருக்கிறது என்றார் ஷே. இந்த உவமையைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். சுவிட்ச் என்றதும் ஒரு அறை வந்துவிடுகிறது. சுவர், கதவு, படுக்கப்போகும் வீட்டுக்காரர். ஒரு தேசம் அறையாகச் சுருங்குகிறது, குண்டு விரலாகிவிடுகிறது. விரல் யாரையும் கொல்வதில்லை. அது அணைக்கிறது, வேண்டும்போது மறுபடி போடுகிறது. ஆஸ்பத்திரி என்ற ஒன்று இந்த அறையில் கிடையாது. எல்லாவற்றையும்விட, பத்தொன்பது கைகளுக்கு ஒரே விரல். ஷே பொய் சொல்லவில்லை. உவமை அவர் பொய் சொல்லவேண்டிய அவசியத்தை இல்லாமல் செய்துவிட்டது. கவிஞர்கள் கவனிக்கவேண்டிய காரியம் இது. உவமை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறோம். அது எதை உள்ளே விடாமல் கதவைச் சாத்துகிறது என்று பார்ப்பது குறைவு.

ஏப்ரல் 14. கொஸோவோவின் மேற்கே ஜாக்கோவிட்சா என்ற ஊருக்கருகில் அகதிகள் டிராக்டர்களிலும் வண்டிகளிலும் போய்க்கொண்டிருந்தார்கள். அல்பேனியர்கள். அதாவது எவர்களைக் காக்க இந்த யுத்தமோ அவர்கள். அமெரிக்க விமானங்கள் அவர்கள்மேல் குண்டு போட்டன. 73 பேர் செத்தார்கள் என்பது மனித உரிமைக் கண்காணிப்பு நிறுவனம் பிறகு விசாரித்துத் தந்த கணக்கு.

முதல் நாள், இதைச் செர்பியர்களே செய்திருக்கலாம் என்ற தொனியில் கூட்டணித் தலைநகரங்களிலிருந்து குரல்கள் வந்தன. மறுநாள் ஒப்புதல் வந்தது, தவறுதலாக ஒரு வாகனத்தைத் தாக்கியிருக்கலாம் என்று. பிரஸ்ஸல்ஸ் மேடையில் ராணுவப் பேச்சாளரான இத்தாலிய ஜெனரல் மரானி ஒரு ஒலிநாடாவைப் போட்டுக்காட்டினார். தான் என்ன பார்த்தேன், எப்படித் தீர்மானித்தேன் என்று ஒரு விமானி விவரிக்கிறான். கிராமங்கள் வரிசையாக எரிகின்றன. வாகனங்கள் தெரிகின்றன. ராணுவ வாகனங்கள் என்று முடிவு செய்கிறான். போடுகிறான். கேட்டவர்கள் இதுதான் அந்தச் சம்பவம் என்று எடுத்துக்கொண்டார்கள். வேறெப்படி எடுத்துக்கொள்வது? ஏப்ரல் 19ஆம் தேதி அமெரிக்க விமானப்படை பிரிகேடியர் ஜெனரல் லீஃப் பிரஸ்ஸல்ஸுக்கு வந்து படங்களோடும் ஒளிப்பதிவுகளோடும் நீளமாக விளக்கினார். அப்போது தெரிந்தது, ஒலிநாடாவில் பேசியவன் அந்த அகதிகள்மேல் குண்டு போட்டவன் அல்ல.

ஐந்து நாட்கள். இந்த ஐந்து நாள் பேச்சைத் தொடர்ந்து படித்தால் கிடைக்கும் அனுபவம் பொய்யனைக் கேட்கும் அனுபவம் அல்ல. பொய்யனுக்கு ஒரு கதை தெரியும், அதை மறைக்கவும் தெரியும். இங்கே பேசுகிற ஆளுக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவர்கள் இத்தாலியில் விமானத் தளத்தில், பெல்ஜியத்தின் இன்னொரு மூலையில் மோன்ஸில் உள்ள ராணுவத் தலைமையகத்தில், வாஷிங்டனில். அவர்கள் சொன்னதை யாரும் கலைத்துவிடாதபடி பத்தொன்பது பேருக்கும் ஏற்புடையதாக்கி மூன்று மணிக்குள் கொண்டுவரவேண்டும். சம்பவம் சீக்கிரம் நடந்துவிடுகிறது. வாக்கியம் மெதுவாக வருகிறது. இடைப்பட்ட நேரத்தில் மேடை காலியாக இருக்கக்கூடாது. ஆகவே 'ஆழ்ந்த வருத்தம்' வருகிறது, 'இயன்ற எல்லா ஜாக்கிரதையும்' வருகிறது, எதிராளியின் கொடுமைப் பட்டியல் வருகிறது. பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் நிஜமும்கூட. இறந்தவர்கள் மட்டும் வர இடமில்லை.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஒரு ஸ்தாபனத்துக்கு இப்படி நேர்ந்தால், தெரிந்தவனைப் பேசவிடுவது ஒரு வழி. அவர்கள் எடுத்தது மறுவழி. பிரிட்டிஷ் பிரதமரின் பத்திரிகைச் செயலாளர், முன்னாள் பத்திரிகைக்காரர், அலஸ்டர் காம்பெல் பிரஸ்ஸல்ஸுக்கு வந்தார். சொற்ப ஆட்களோடு ஷே திண்டாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பல நாட்டு ஆட்களைக் கொண்டுவந்து ஒரு செய்தி மையம் அமைத்தார்கள். காலையில் லண்டன் பேசும், பிற்பகல் பிரஸ்ஸல்ஸ், பிறகு வாஷிங்டன். சூரியனோடு மேற்கே நகரும் ஒரே வாக்கியம். தலைநகரங்களுக்கிடையே தினமும் தொலைபேசிக் கலந்தாலோசனை: இன்றைக்கு எது தலைப்பு, யார் எதைச் சொல்லக்கூடாது. காம்பெல் வந்த பிறகு பிரதிகளில் நடை தேறுகிறது. தடுமாற்றம் குறைகிறது. ஒரு வாசகனாகச் சொல்கிறேன், மே மாதத்துப் பிரதிகள் ஏப்ரல் மாதத்தவற்றைவிட நன்றாக எழுதப்பட்டவை. அதே மே 7ஆம் தேதி பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின்மேல் குண்டு விழுந்து மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் செத்தார்கள். பழைய வரைபடம் என்று காரணம் சொன்னார்கள். உரைநடை எவ்வளவு செம்மையானாலும் வரைபடம் செம்மையாவதில்லை.

படம் காட்டுவதிலும் இதே கதைதான். ஏப்ரல் 12இல் கிர்தெலிட்சா என்ற இடத்தில் பாலத்தின்மேல் குண்டு விழும்போது ஒரு பயணிகள் ரயில் வந்துவிட்டது. மறுநாள் தளபதி வெஸ்லி கிளார்க் குண்டின் மூக்கிலிருந்து எடுத்த படத்தைப் போட்டுக்காட்டினார். ரயில் மின்னல்போல வந்து நுழைகிறது; யாரால் என்ன செய்திருக்க முடியும்? 2000 ஜனவரியில் ஒரு ஜெர்மன் நாளேடு கண்டுபிடித்துச் சொன்னது: படம் நிஜத்தைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டிக்காட்டப்பட்டது. பதிவை மாற்றும்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்றது நேட்டோ. இருக்கலாம். அந்தக் கோளாறு ஒரே திசையில் நேர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி அந்தச் சொல். 'கொலாட்டரல் டேமேஜ்'. 1999க்கு முன்பே உள்ளதுதான். அந்த வருஷம் அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். பக்கச் சேதம், உடன்விளை சேதம், இணைச்சேதம். எதிலும் பிணம் இல்லை. சாவு, பலி, இழவு என்று எதைப் போட்டாலும் மொழிபெயர்ப்பு தவறு. சரியான மொழிபெயர்ப்பு பொய்யாக இருந்தாகவேண்டும். இப்படியொரு சொல்லை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை. ஏன் இந்தச் சொல் ஜெயித்தது என்பதற்கு மனிதர்களின் கெட்ட எண்ணம் மட்டும் காரணமாகாது. பத்தொன்பது தலைநகரங்களைச் சுற்றிவரவேண்டிய சொல் எங்கும் சிக்காமல் வரவேண்டும். படிமம் உள்ள சொல் ஏதாவது ஒரு நாட்டின் ஞாபகத்தில் சிக்கிக்கொள்ளும். ஐரோப்பாவில் ஞாபகத்துக்குக் குறைவில்லை. படிமமே இல்லாத சொல் வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும். ஜெர்மனியில் வருஷந்தோறும் மொழியறிஞர் குழு ஒன்று அந்த வருஷத்தின் மோசமான சொல்லைப் பொறுக்கி அறிவிக்கும். 1999க்கு அவர்கள் பொறுக்கியது இந்தச் சொல்லின் ஜெர்மன் வடிவத்தை. பொறுக்கியவர்கள் எல்லோரும் நாவலாசிரியர்கள் அல்ல என்பதை நாம் கொஞ்சம் வெட்கத்தோடு கவனிக்கலாம்.

யுத்தத்தின் பெயரும் ஒன்றல்ல. நேட்டோவுக்கு அது 'நேசப் படை'. அமெரிக்கர்கள் தங்கள் பங்குக்குத் தனியே 'உன்னதப் பட்டடைக்கல்' என்று பெயரிட்டிருந்தார்கள். செர்பியாவில் ஜனங்கள் இன்றும் 'கருணைத் தேவதை' என்றே சொல்கிறார்கள். நேட்டோ வைத்த பெயர் அது என்று நம்புகிறார்கள். நேட்டோ அப்படிப் பெயர் வைக்கவே இல்லை. வெறுப்பு வைத்த பெயர், மூன்றில் அதுதான் கவிதை.

எதிர்ப்பக்கத்தைச் சொல்லாமல் இதை எழுதினால் நானும் ஒருவகை ஷே ஆகிவிடுவேன். மிலோசெவிச்சின் படைகளும் போலீஸும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்களை வீடுகளிலிருந்து துரத்தின. அவர்கள் நேட்டோவின் குண்டுக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றது பெல்கிரேடு தொலைக்காட்சி. 1999 ஏப்ரலில் டான்யூப் நதியில், தெக்கியா என்ற ஊரருகே, குளிர்பதன லாரி ஒன்று மிதந்து வந்தது. உள்ளே அல்பேனியர்களின் பிணங்கள். போலீஸ் அமுக்கிவிட்டது. 2001இல்தான் வெளியே வந்தது. பெல்கிரேடுக்கு அருகே பதாய்னிட்ஸாவில், போலீஸின் சொந்த நிலத்தில் புதைகுழிகள் தோண்டப்பட்டன. அங்கே மௌனத்துக்கு நடைமுறை தேவைப்படவில்லை.

நிஜமான இந்தக் குற்றத்துக்கே அலங்காரம் செய்யப் புகுந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். ஏப்ரலில் ஜெர்மன் ராணுவ மந்திரி ஷார்ப்பிங், அல்பேனியர்களைத் துரத்தச் செர்பியர்கள் முன்கூட்டியே போட்ட திட்டம் கிடைத்துவிட்டதாக அறிவித்தார். 'குதிரை லாடம்', செர்பியர்கள் வைத்த பெயர் 'பொத்கோவா'. பிறகு விமர்சகர்கள் சுட்டினார்கள்: செர்பியர்கள் லாடத்தை 'பொத்கோவிட்ஸா' என்பார்கள், 'பொத்கோவா' குரோஷியனிலும் பல்கேரியனிலும் வழங்குவது. ஒரு விகுதியில் மாட்டிக்கொண்டது ராஜாங்கம். துரத்தியது நடந்தது, துரத்தப்பட்டவர்கள் எல்லைகளில் மழையில் கிடந்தார்கள். அது போதவில்லை. அதற்கு ஒரு தலைப்பும் கதைப்பின்னலும் வேண்டியிருந்தன. மோசமான நாவலாசிரியனின் பழக்கம் இது.

ஏப்ரல் 23 விடியுமுன், பெல்கிரேடு தொலைக்காட்சி நிலையத்தின்மேல் குண்டு போட்டார்கள். அது பொய் உற்பத்தி செய்யும் யந்திரம், யுத்த யந்திரத்தின் உறுப்பு என்பது நியாயம். செத்த பதினாறு பேர் இரவு வேலையிலிருந்த டெக்னீஷியன்கள், காவலாளிகள், ஒரு ஒப்பனைக்காரப் பெண். செய்தியை எழுதினவர்கள் அந்த நேரத்தில் அங்கில்லை. ஆபத்து தெரிந்தும் ஆட்களை வெளியேற்றவில்லை என்று அந்த நிலையத்தின் டைரக்டரையே 2002இல் செர்பியக் கோர்ட் பத்து வருஷம் தண்டித்தது. இரு பக்கத்துச் செய்தித் தொடர்பும் அந்த ஒரு கட்டடத்தில் சந்தித்துக்கொண்டன. பக்கத்துப் பூங்காவில் பதினாறு பெயர்களோடு ஒரு கல் நிற்கிறது. மேலே ஒரே சொல்: 'ஏன்?' யாரைப் பார்த்துக் கேட்கிறது என்று கல்லில் இல்லை.

எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு பேரைச் சொல்கிறேன். வாட்ஸ்லாவ் ஹாவெல் 1965இல் அரங்கேறிய 'மெமோரண்டம்' நாடகத்தில் 'ப்தீதெபெ' என்ற ஆபீஸ் பாஷையை உண்டாக்கினார். தெளிவுக்காக விஞ்ஞானரீதியில் தயாரித்து, ஒருவரும் பேச முடியாமல் போன பாஷை. ஸ்தாபனத்தின் மொழி மனிதனை எப்படி வெளியே தள்ளுகிறது என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. 1999இல் அவர் பத்தொன்பது நாடுகளில் ஒன்றின் ஜனாதிபதி. ஏப்ரல் 29இல் கனடா பார்லிமெண்டில் இந்த யுத்தத்தை ஆதரித்துப் பேசினார். நலன்களுக்காக அல்லாமல் மனித உரிமைக்காக நடக்கும் யுத்தம் என்றார். பேச்சு நல்ல பேச்சு. ஜாக்கோவிட்சாவுக்குப் பதினைந்து நாள் கழித்துப் பேசிய பேச்சு.

மற்றவர் பீட்டர் ஹாண்ட்கே. பத்திரிகைகளின் பால்கன் மொழி தயாரிக்கப்பட்ட மொழி என்று கண்டவர். செர்பியாவுக்குப் போய்வந்து 1996இல் பயணக் கட்டுரை வெளியிட்டார். 1999இல் குண்டுவீச்சை எதிர்த்து, தாம் முன்பு பெற்றிருந்த ப்யுக்னர் பரிசைத் திருப்பினார். அவர் காது பொய்க்காது அல்ல. மேற்கத்தியச் செய்தி வாக்கியத்தில் உள்ள பம்மாத்து அவருக்கு உடனே கேட்டது. ஆனால் மொழி பொய் என்றதும் விஷயமும் பொய் என்று அவர் தாவிவிட்டார். 2006 மார்ச்சில் பொஜாரெவாட்ஸில் மிலோசெவிச்சின் அடக்கத்தில் நின்று பேசினார். 2019இல் நோபல். ஹாவெலின் பிசகை அரசியல் என்று விட்டுவிடலாம். ஹாண்ட்கேயின் பிசகு நம்முடையது. ஒரு நடையின் போலித்தனத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்திலேயே உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது விமர்சகனின் தொழில்வியாதி. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் இதுவரை எழுதியதில் அந்த வியாதியின் அறிகுறி எங்கெங்கே என்று வாசகர்கள் பார்க்கலாம்.

கொஸோவோவுக்குப் பிறகு நேட்டோ இந்தக் கலையை விட்டுவிடவில்லை, வளர்த்தது. 2009இல் 'ஸ்ட்ராடெஜிக் கம்யூனிகேஷன்ஸ்' என்று பெயரிட்டு ஒரு கொள்கை வகுத்தார்கள். பத்திரிகைத் தொடர்பு, ராணுவத்தின் செய்திப் பிரிவு, எதிரியின் மனத்தைக் கலைக்கும் பிரிவு எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுவது. 2014இல் லாட்வியாவின் ரீகாவில் இதற்கென்றே ஒரு மையம். 2023இல் தனிப் போதனை நூல். கயிறு எவ்வளவு இறுகக் கட்டியது என்பதற்கு ஆஃப்கானிஸ்தான் சாட்சி. ஒரே படை, ஒரே தேசம். அமெரிக்காவுக்கு அது யுத்தம். ஜெர்மன் அரசாங்கம் வெகுநாள் அந்தச் சொல்லையே உச்சரிக்கவில்லை. 2009 செப்டம்பர் 4இல் குந்தூஸில், கடத்தப்பட்ட டேங்கர்கள்மேல் ஒரு ஜெர்மன் கர்னல் கேட்டு அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. பெட்ரோல் பிடிக்கவந்த ஊர்ஜனங்கள் எரிந்தார்கள். பொதுஜனச் சாவு இல்லை என்ற மந்திரி நவம்பரில் பதவி விலகினார். 2010இல்தான் அடுத்த மந்திரி வாயில் 'யுத்தம்' என்ற சொல் வந்தது.

இந்தக் கொள்கைகளையும் போதனைகளையும் புரட்டும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது ராணுவச் சொற்கள் அல்ல. நம் சொற்கள். 'நாரடிவ்' என்பது அங்கே நடுநாயகமான சொல். கதையாடல் முதலில், செயல் அதை ஒட்டி என்பது போதனை. 'வாசகர்-பார்வையாளர்' பற்றி ஓயாத விசாரம். எதிரியின் கதையாடல், நம் கதையாடல், கதையாடலுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இடைவெளி. இலக்கிய விமர்சனத்திலிருந்து கிளம்பிப்போன சொற்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

நம் பத்திரிகைகளில் ஒரு காலத்தில் ஆசிரியன் இறந்துவிட்டான் என்று விடுதலையாகப் பேசினோம். பிரதி மட்டுமே இருக்கிறது, பேசுவது மொழிதான், எழுதியவன் யாரானால் என்ன? நானும் அந்தக் கட்சியில் இருந்தேன். கொண்டாட்டமாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், ஆசிரியனே இல்லாத பிரதியை நிஜமாகவே சாதித்துக்காட்டியவர்கள் பிரஸ்ஸல்ஸ்காரர்கள். நாம் அதைச் சித்தாந்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் அதற்குக் கமிட்டி வைத்திருந்தார்கள். எழுதியவர் பத்தொன்பது பேர். எவரையாவது தனியே பிடித்து 'ஜாக்கோவிட்சா பற்றி நீ என்ன சொன்னாய்?' என்று கேட்டால், அவர் சொல்லவில்லை, மறுக்காமலிருந்தார். கவிதையை எழுதினவனை நாம் மன்னித்துவிடலாம். அவன் யாரென்று தெரியாமலே மன்னிப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 15 ஒலிநாடாவுக்குத் திரும்பத் திரும்பப் போய்வருகிறேன். நான் படித்த பக்கங்களில் 'பார்த்தேன்' என்று ஒருவன் பேசுவது அங்கேதான். தன்மை ஒருமை. எதைப் பார்த்தான், எத்தனை தடவை சுற்றினான், ஏன் ராணுவ வண்டி என்று நினைத்தான் என்று படிப்படியாகச் சொல்கிறான். ஜோடனை இல்லை. சொல்வது அவன் வீசிய குண்டைப் பற்றி, அவன் பார்த்த வண்டியைப் பற்றி. அந்த அளவில் அதை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. யாரோ அந்த நாடாவை எடுத்து, அவன் பார்த்தே இராத எழுபத்துமூன்று பேரின் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அவன் பெயர் வெளியிடப்படவில்லை. நாடாவை எடுத்து வைத்தது யார் என்பதும் பிரதியில் இல்லை.